வேடந்தாங்கல் பக்கம் ஒரு நெல் கிடங்கு: தூங்க அருமை, சமைக்கத்தான் சிரமம்

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம், மாமண்டூர் எல்லாம் தாண்டினால் படாளம் கூட்டுரோடு. அங்கே வலது பக்கம் திரும்பி வேடந்தாங்கல் சாலையில் போனால், ஊர் வருவதற்கு முன்பே வயலுக்கு நடுவில் நிற்கிறது இந்தக் கிடங்கு. ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்த இடம், இப்போது எட்டுப் பேர் தங்கும் வாடகை வீடு. சாப்பாடு கிடையாது. அடுப்பு, பாத்திரம், இரண்டு கேன் தண்ணீர் காட்டிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வார நாளில் இரவுக்கு 8,000 ரூபாய், சனி ஞாயிறு 11,000. முன்பணம் 5,000, காலி செய்யும்போது பாத்திரத்தை எண்ணிப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள்.

இந்த மாதிரி வீடுகளை எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறார்கள். படத்தில் பனங்கை, அதாவது கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டம், தெரியும், ஓடு தெரியும், ஊஞ்சல் தெரியும். அடுப்படி மட்டும் தெரியாது. நாமே சமைத்துச் சாப்பிடப் போகிற வீட்டுக்கு அடுப்படியைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் இங்கே கட்டடத்துக்கு முழு மார்க், அடுப்படிக்குப் பாதிகூட இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இது நெல்லுக்காகக் கட்டிய இடம்.

நெல்லுக்கு எதிரி ஈரமும் எலியும் திருடனும். அதனால் தரையை வெளி மட்டத்திலிருந்து இரண்டரை அடி தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்து ஒன்றரை அடி கனம். ஜன்னல்கள் ஒன்றரை அடிச் சதுரத்தில், தரையிலிருந்து எட்டடி உயரத்தில், கம்பி போட்டு இருக்கின்றன. கதவு இரட்டைக் கதவு, முதுகில் மூட்டையோடு ஆள் நிமிர்ந்தே நுழையும் அளவு. கூரைக்குப் பனங்கையும் மங்களூர் ஓடும். புதுப்பித்தவர்கள் இதில் எதையும் உடைக்கவில்லை. சுவருக்கு மேல் சிமெண்ட் பூசாமல் மறுபடி சுண்ணாம்பே அடித்திருக்கிறார்கள், அதற்கே தனியாகப் பாராட்ட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். இங்கே சுவரில் உப்புப் பூத்த இடம் பின்பக்கக் குளியலறை ஓரம் மட்டும்தான்.

பகலில் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்ததும் குளிர்ச்சி தெரிகிறது. கனமான சுவருக்குள் சூடு இறங்க நேரம் எடுக்கும். மேலே சேரும் சூட்டுக் காற்று ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். கான்கிரீட் தளம் போல ராத்திரி வரை சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கொட்டுகிற வேலையெல்லாம் ஓட்டுக்கு இல்லை. சூரியன் சாய்ந்து ஒரு மணி நேரத்தில் கூடம் ஆறிவிடுகிறது. தூக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

ஆனால் இதே ஓட்டு இடுக்குதான் ஏசிக்குப் பகை. நாற்பது அடிக்குப் பதினெட்டு அடிக் கூடத்தில், முகட்டு உயரம் பதினாறு அடி இருக்கும் இடத்தில், ஒன்றரை டன் ஏசி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த காற்று தங்குவதில்லை, கம்ப்ரசர் நிற்பதும் இல்லை. ஏசி இல்லாமல் தூக்கம் வராதவர்கள் கடைசியில் இருக்கும் சின்ன அறையைக் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டுக்குப் பதினான்கு, ஃபால்ஸ் சீலிங் போட்டது, கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் குளிர்கிறது. அதில் மூன்று பேர் படுக்கலாம். மற்ற ஐந்து பேருக்கு ஃபேன்தான், மார்கழி தையில் அதுவும் வேண்டாம்.

பரணில் இரண்டு மெத்தை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்ததும் அங்கேதான் ஏறுவார்கள். சித்திரை வைகாசியில் அங்கே படுக்க வைக்காதீர்கள், கூடம் ஆறினாலும் பரண் ஆற ராத்திரி பதினொன்று ஆகிவிடும். படி ஒவ்வொன்றும் பத்து அங்குல உயரம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அதைவிடப் பெரிய குறை கைப்பிடிக் கம்பி. கம்பிக்கும் கம்பிக்கும் இடையே ஏழு அங்குலம் விட்டிருக்கிறார்கள், நாலு அங்குலத்துக்கு மேல் இருக்கவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை அதில் நுழைந்துவிடும். குழந்தை இருந்தால் பரண் படியின் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு விட்டுவிடுங்கள்.

படுக்கும் முன் மெத்தை விரிப்பில் மஞ்சள் தூள் மாதிரிக் குட்டிக் குட்டிக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேர் மேலே இருக்கும் மரத்தில் உளு விழுந்திருக்கிறது. குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை தெரியும், அதிலிருந்து மாவு உதிர்ந்துகொண்டே இருக்கும். உடனே கூரை விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கட்டிலை இரண்டடி நகர்த்தினால் போதும். கூடத்தில் சாப்பாட்டை மட்டும் திறந்து வைக்காதீர்கள்.

இனி அடுப்படி. கிடங்கின் வடகிழக்கு மூலையைத் தடுத்து அடுப்படி ஆக்கியிருக்கிறார்கள். மேலே நாலு கண்ணாடி ஓடு பதித்திருப்பதால் பகலில் விளக்கே வேண்டாம், பதினொரு மணிக்கு மேடை மேல் நேராக வெளிச்சம் விழுகிறது, அரிசியில் கல் பொறுக்கலாம். அழகு அவ்வளவோடு சரி.

சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். இதுதான் இந்த வீட்டின் முதல் தப்பு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படியும். சாதாரண வீட்டில் கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வெளியேறும். இங்கே ஜன்னல் எட்டடிக்கு மேலே, வாசலில் அரை அடி உயர நிலைப்படி. கேஸ் கசிந்தால் அடுப்படி தொட்டி மாதிரி நிரம்பும். நெல்லைக் காப்பாற்றிய உயர ஜன்னலும் நிலைப்படியும் இங்கே ஆளுக்கு ஆபத்தாகிவிடுகின்றன. பின்தாழ்வாரத்தில் சிலிண்டரை வைத்துச் சுவரில் துளை போட்டுக் குழாய் இழுத்திருந்தால் முடிந்த வேலை, ஒரு நாள் கூலிகூட ஆகாது. உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

அதுவரை போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனதும் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். தலையில் இருக்கும் கைப்பிடி வளையத்தை மூன்று இரும்புப் பட்டைகள் தாங்கி நிற்கும். அதில் ஒன்றின் உட்புறம் ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு இலக்கமும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் வருடம். சி 27 என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த பட்டையில் காலி எடை இருக்கும். வாடகைக்கு விடுகிற இடத்தில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் இருக்கக் கூடாது, 19 கிலோ கடைச் சிலிண்டர்தான் இருக்க வேண்டும். இங்கே அதை ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சுக் குழாயில் அச்சடித்த வருடத்தைப் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சோப்பு நுரையைக் குழாய் மாட்டிய இரண்டு முனையிலும் தடவி, குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சமைக்கும்போது பின்கதவு திறந்தே இருக்கட்டும், படுக்கப் போகும்முன் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய, ஈரத் துணியால் சிலிண்டரை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். காலியாக இருக்கும் மேல் பாகம் சீக்கிரம் காயும், திரவம் நிற்கும் மட்டம் வரை ஈரம் தங்கும்.

பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், எட்டுப் பேருக்கு வாடகை வாங்கிக்கொண்டு நாலு பேருக்குப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். குக்கர் ஐந்து லிட்டர் ஒன்றும் மூன்று லிட்டர் ஒன்றும். எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி வேண்டும். ஒரு கிலோ அரிசியும் அதற்கான தண்ணீரும் சேர்ந்தால் நாலு லிட்டரைத் தொடும். அரிசி மாதிரி உப்பிப் பொங்குவதற்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டரை லிட்டர்தான். மீறினால் கஞ்சி விசில் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அடியில் பிடிக்கும், விசில் துளை அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அரை கிலோவுக்கு மேல் அதில் போடாதீர்கள். எட்டு லிட்டர் குண்டான் ஒன்றையும் வடிதட்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்ச் சாதத்தை வடித்துவிடுவதுதான் சுலபம். குக்கர் கேஸ்கட் வெயிலில் காய்ந்து விறைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக் குக்கர் அதே கம்பெனி, அதே அளவு என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். கத்தி மழுங்கல். காபி ஃபில்டர் இல்லை. இட்லிப் பானை இருக்கிறது, ஒரு ஈட்டுக்குப் பதினாறு. மிக்ஸி நன்றாகவே ஓடுகிறது, அம்மியும் கொத்தி வைத்திருக்கிறார்கள், துவையலுக்கு அம்மிதான் சரி.

மாவு கொண்டு போகிறவர்களுக்கு: ஒரு கிலோவுக்கு இருபது இட்லி என்று கணக்கு வையுங்கள். டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கூடுவாஞ்சேரியிலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் வண்டி நின்று நின்று போகும், இரண்டு மணி நேரம் டிக்கிச் சூட்டில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ஐஸ் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் அரைத்ததும் புளிக்கவிடாமல் எடுத்துப் போய் ராத்திரி அங்கே புளிக்க வைத்துவிடலாம்.

தண்ணீர் போர்வெல் தண்ணீர், நல்ல கடினம். டம்ளரில் நின்று காய்ந்தால் வெள்ளை வட்டம் விழுகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது. குளிக்கப் பரவாயில்லை. துவரம்பருப்பை அதில் போட்டால் மட்டும் ஐந்து விசில் ஆனாலும் முழுசு முழுசாக நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல் சுவர்களைக் குழைய விடாமல் இறுக்கிவிடுவதால் வருகிற வினை இது, பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பருப்பு, கொண்டைக்கடலை, டீ, காபி நாலுக்கும் கேன் தண்ணீர்தான். கடலை ஊறப்போடுவதற்கும் அதேதான். கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டால் பருப்பில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம், ருசி கொஞ்சம் மாறும். குடிக்க ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர், சமையலுக்குப் பதினைந்து இருபது லிட்டர் என்று வைத்தால் இரண்டு நாளைக்கு நாலு கேன் ஆகிறது. வீட்டில் இரண்டுதான் தருகிறார்கள். மற்ற இரண்டை முந்தின நாளே போனில் சொல்லிவிட்டால் வந்து இறங்கியிருக்கும்.

பால் கவலை இல்லை. காவல் பார்க்கும் அண்ணனின் வீட்டம்மாவிடம், "அக்கா, காலையில ரெண்டு லிட்டர் பால் வேணும்" என்று சாயங்காலமே சொல்லிவைத்தால் ஆறு மணிக்குக் கறந்த பால் வாசலில் இருக்கும். காய்கறி, கறி எல்லாம் செங்கல்பட்டிலேயே வாங்கிவிடுவது நல்லது. படாளத்தில் மளிகை கிடைக்கும், பத்து மணிக்கு மேல் போனால் கீரை கிடைக்காது.

வெளியே களத்தோரம் விறகடுப்பு உண்டு. சவுக்கு விறகு கட்டாகத் தருகிறார்கள், தீ நின்று எரிகிறது, பிரியாணிக்குத் தம் போட அருமையான கங்கு. ஆனால் அடுப்புக்கு முப்பதடி தள்ளி வைக்கோல் போர் இருக்கிறது. காற்று அந்தப் பக்கம் வீசும் நேரத்தில் பற்ற வைக்காதீர்கள், வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கங்கை அணைத்துவிட்டு வாருங்கள்.

கரண்ட் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மங்குகிறது. வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால் 2 கிலோவாட் கீசரின் வேகம் அறுபது சதவீதத்துக்கு வந்துவிடும். 15 லிட்டர் தண்ணீர் சுட வழக்கமாகப் பதினேழு பதினெட்டு நிமிடம் என்றால் அப்போது அரை மணி ஆகும். எட்டுப் பேர் அந்த நேரத்தில் வரிசையில் நின்றால் நடக்காது, பாதிப் பேர் காலையில் குளித்துக்கொள்ளுங்கள். இன்வர்ட்டருக்கு 150 ஏஹெச் பேட்டரி ஒன்று. நாலு ஃபேனும் இரண்டு விளக்கும் நாலு மணி நேரம் ஓடும். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் அதில் போட முடியாது. குளியலறை இரண்டும் சுத்தம், ஒன்றில் தண்ணீர் வாட்டம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது, துடைப்பான் கையில் இருக்கட்டும்.

பூச்சி பொட்டு விஷயத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. வயலில் நெல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். பகலில் பார்ப்பது பெரும்பாலும் சாரையாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். கவனமாக இருக்க வேண்டியது ராத்திரியில் நடமாடும் கட்டுவிரியனிடம். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அது அதிகம் கடிக்கிறது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. வயிற்று வலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று விடியற்காலையில்தான் தெரியவரும். அதனால் இங்கே யாரும் தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். கட்டிலுக்குக் கொசுவலை கொடுத்திருக்கிறார்கள், அதை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகினால் கொசுவுக்கும் காப்பு, பாம்புக்கும் காப்பு. பெரிய கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி இருக்கிறது. சாக்கை நனைத்துச் சுருட்டி அடைத்துவிட்டுப் படுங்கள், பூரானும் தேளும் அந்த வழிதான். புற ஊதா டார்ச் ஒன்று விலை அதிகமில்லை, இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். செருப்பை உதறிப் போடுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஜிஎஸ்டி ரோட்டிலேயே போய்விடலாம். கிடங்குச் சுவருக்குள் போன் சிக்னல் சரியாக எடுப்பதில்லை, களத்துக்கு வந்து பேசுங்கள். இதை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

எப்போது போகலாம் என்றால், மார்கழி நடுவிலிருந்து மாசி முடிய. வேடந்தாங்கல் ஏரியில் கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, கரண்டி வாயன், நீர்க்காகம் எல்லாம் நிறைந்திருக்கும் காலம் அதுதான். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, 1798லேயே வெள்ளைக்காரக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கிக்கொண்ட ஊர். பக்கத்திலேயே கரிக்கிலி பறவைகள் சரணாலயம். இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. காலையைவிடச் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள், இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டையும் பார்க்க நினைத்தால் காலை வேளையை அதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் இரண்டு மூன்று வாரம் களத்தில் ஊர்க்காரர்கள் நெல் காயவைப்பார்கள். அது அவர்கள் உரிமை, வீட்டுக்காரரும் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் நெல்லின் மேல் இருக்கும் நுண்ணிய முடியான சுணை பறக்கும். ஒரு முறை கழுத்தில் ஒட்டினால் குளிக்கும்வரை அரிப்புதான், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வாரங்களில் வர வேண்டாம். அறுவடை மெஷின் ராத்திரியிலும் ஓடும். ஐப்பசி கார்த்திகையில் பிரதான சாலையிலிருந்து கிடங்குக்கு வரும் அறுநூறு மீட்டர் மண் பாதை சேறாகிவிடும், தாழ்வான காரைச் சாலையோரமே நிறுத்திவிட்டு நடங்கள். அந்த மழையில் தாழ்வாரமும் கூரையும் சேரும் மூலையில் ஒழுகுகிறது, சுவரில் பழுப்புக் கோடு தெரியும் இடத்துக்குக் கீழே கட்டில் வேண்டாம்.

பஸ்ஸில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் ஏறிப் படாளம் கூட்டுரோட்டில் இறங்கலாம், ஆனால் குண்டானும் கேனும் தூக்கிக்கொண்டு அங்கிருந்து வருவது பெரும்பாடு. காரில் வந்தால் பரனூர் சுங்கச்சாவடி ஒன்றுதான் குறுக்கே வரும். சனிக்கிழமை என்றால் தாம்பரத்தை ஆறு மணிக்குள் தாண்டிவிடுங்கள். அறை மதியம் ஒரு மணிக்குத்தான் கிடைக்கும், ஆனால் அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டால் தாழ்வாரத்தைத் திறந்து விடுகிறார், சாமானை இறக்கிவிட்டு ஏரிக்குப் போய் வரலாம். பதிவு செய்யும்போதே சிலிண்டர் பட்டையையும் குழாயையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அந்தச் சிலிண்டர் தாழ்வாரத்துக்குப் போகும்.